பறிக்க முடியாத உரிமை எது?

‘பறிக்க முடியாத உரிமை’ என்னும் சொற்றொடர் நம் தேசத்தின் பொதுவாழ்வுக்குப் புதிதன்று. 1930-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி ஊர்தோறும் ஜனங்கள் கூடி எடுத்துக்கொண்ட பூரண சுயராஜ்யப் பிரதிக்ஞையின் தொடக்கத்திலேயே அது இருந்தது. சுதந்திரமாய் வாழ்வதும், உழைப்பின் பலனைத் தாமே அநுபவிப்பதும் மற்றத் தேசத்தாருக்கு எப்படியோ அப்படியே இந்திய ஜனங்களுக்கும் பறிக்க முடியாத உரிமை என்று அன்று நம்மவர் பிரகடனம் செய்தனர். பிரகடனம் செய்தவர்களின் கையில் அந்த உரிமை அன்று இல்லை. கையில் இல்லாத பொருளைப் பறிக்க முடியாதது என்று கூறியது எவ்வாறு பொருந்தும்? பறித்துக்கொண்டு நூறு வருஷங்களுக்கு மேலாகிவிட்டது, இன்னமும் பறிக்க முடியாதென்கிறார்களே என்று அக்காலத்து வெள்ளைக்காரக் கலெக்டர்கள் நகைத்திருக்கக்கூடும்.

நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. உரிமை வேறு, அநுபவம் வேறு. அயலான் ஒருவன் நம் நிலத்தில் புகுந்து, உழுது, பயிரிட்டு, அறுத்துக்கொண்டு போகிறான் என்பதனால் நிலம் அவனுடையதாகிவிடாது. அநுபவம் அவனிடத்தில், பாத்தியதை நம்மிடத்தில். நிலத்தின் விஷயத்திலாவது பன்னிரண்டு வருஷம் எதிர் அநுபோகம் செய்தவனுக்குப் பாத்தியதை உண்டாகிவிடுமென்று சட்டம் இடங் கொடுக்கிறது. மனிதனுடைய சுதந்திரத்துக்கு அத்தகைய காலாவதி கிடையாது. பன்னிரண்டு வருஷமல்ல, நூற்றிருபது வருஷம் அடக்கி ஆண்டாலும் ஆள்வோன் பெயரில் அதற்குப் பட்டா விழாது. பிரதிக்ஞை சொன்னது இதைத்தான்.

இன்னொரு பொருளும் அதற்கு உண்டு. பிறன் பறிக்க முடியாதது மட்டுமன்று. நாமே விற்றாலும் விலை போகாதது. 1981-ல் பம்பாய் நகரில் நடைபாதைவாசிகளின் குடிசைகளைப் பிரித்தெறிய உத்தரவாயிற்று. ஹைகோர்ட்டில் அவர்கள் சார்பில், பொது வழியில் குடிசை போட எங்களுக்கு அடிப்படை உரிமை ஏதுமில்லை, அக்டோபர் 15-ந் தேதிக்குப் பிறகு இடிப்பதைத் தடுக்கமாட்டோம் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. பின்னர் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தபோது, முன்பு எழுதிக் கொடுத்ததை எடுத்துக்காட்டி அவர்களுடைய வாயை அடைக்கப் பார்த்தனர். அரசியல் சட்டம் தந்த பாதுகாப்பை ஒருவன் தன் வாக்கினால் இழந்துவிட முடியாது என்று 1985 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. குடிசைகள் அதனால் தப்பிவிடவில்லை என்பது வேறு சமாசாரம். ஆனால் ஏழை ஒருவன் வயிற்றுக்காகவோ பயத்தினாலோ எழுதிக் கொடுக்கும் அடிமைச் சீட்டு செல்லாது என்ற தத்துவம் நிலைபெற்றது. பறிக்க முடியாத உரிமையைப் பற்றி 1776-ல் உலகமறியப் பேசிய அமெரிக்கப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்ஸன், நீக்ரோ அடிமைகளை விலைக்கு வாங்கியும் விற்றும் வந்தவர். சொல்லை எழுதியவரே அதன் பொருளை முழுதும் ஒப்புக்கொள்ளவில்லை. சொல் அவரைக் காட்டிலும் பெரியதாயிருந்தது.

இவ்வளவோடு நின்றுவிட்டால் விஷயம் வெறும் வேதாந்தமாய் முடியும். சிறைக்குள் கிடப்பவனிடம் சென்று, ‘அப்பா, உன் உரிமை எங்கும் போய்விடவில்லை, அநுபவம்தான் இல்லை’ என்று சொன்னால் அவன் நம் முகத்தில் விழிப்பானா? பறிக்க முடியாதது என்பதற்குக் காரியத்தில் ஓர் அடையாளம் வேண்டும். நம் அபிப்பிராயத்தில் அந்த அடையாளம் ஒன்றே. உரிமையில் கை வைத்தவன் போலீஸ்காரனாயினும் பிரதம மந்திரியாயினும் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். அவனை அழைத்துக் கேட்பதற்கு ஓர் இடம் எந்நாளும் திறந்திருக்க வேண்டும். ‘ஏன் பிடித்தாய்? எந்தச் சட்டத்தின்படி பிடித்தாய்?’ என்ற கேள்விக்கு இடமுள்ளவரையில் உரிமை உயிரோடிருக்கிறது. கேள்விக்கே இடமில்லையென்று கதவை அடைத்த அன்று, அரசியல் சட்டப் புஸ்தகத்தில் அது எத்தனை அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் பிரேதமே.

அந்நிய ஆட்சியின்மீது நம் தேசத்தார் சாட்டிய குற்றமும் இதுவே. சிறைச்சாலை இருக்கிறதே என்று எவரும் முறையிடவில்லை. 1818-ம் வருஷத்து 3-வது ரெகுலேஷனைத் தூசி தட்டி எடுத்து, 1907-ல் லாலா லஜபதி ராயையும் அஜித் சிங்கையும் விசாரணையின்றி மாந்தலேக்கு நாடு கடத்தினார்கள். ஏன் என்று கேட்க இடமில்லை. 1917-ல் அன்னி பெஸண்டு அம்மையாரையும் அருண்டேல், வாடியா இருவரையும் சென்னைக் கவர்னர் பெண்ட்லண்டு உதகமண்டலத்தில் காவலில் வைத்தார். ஏன் என்று கேட்க இடமில்லை. சென்னை ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி ஸ்தானத்தில் தற்காலிகமாக அமர்ந்திருந்த பெரியவர் எஸ். சுப்பிரமணிய அய்யர் அது பொறுக்காமல், அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்கே முறையீடு எழுதினார். அதற்காகப் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் அவரை ஏசிய பிறகு, சர்க்கார் கொடுத்த ‘ஸர்’ பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் உதறியெறிந்தார். சட்டத்தை ஆயுள் முழுதும் ஓதியவருக்கு வேறு நியாயஸ்தலம் நம் நாட்டில் அகப்படவில்லை!

1919 மார்ச்சில் வந்த ரௌலட் சட்டம் இவற்றையெல்லாம் தூக்கியடித்தது. ராஜாஜியின் விருந்தினராய் மகாத்மா காந்தி சென்னையில் தங்கியிருந்தபோதுதான் தேசம் முழுவதும் ஹர்த்தால் நடத்துவதென்ற யோசனை அவருக்கு உதயமாயிற்று. ‘வக்கீல் இல்லை, வாதம் இல்லை, அப்பீல் இல்லை’ என்று மூன்றே சொற்களில் வடக்கே பாமர ஜனங்கள் அச்சட்டத்துக்கு வியாக்கியானம் செய்தார்கள். சட்ட நிபுணர்களின் வியாக்கியானங்கள் எதுவும் அதற்கு ஈடாகவில்லை. ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலா பாக்கில் சிந்திய ரத்தம் அந்த மூன்று ‘இல்லை’களின் பொருட்டுச் சிந்தியது. அந்த மூன்றையும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் தேவைப்படும்.

நியாயத்தை உத்தேசித்து ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாவது உலக யுத்தம் மூண்டு, ஜப்பானியர் பர்மாவரையில் வந்துவிட்ட சமயம். ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றி அடைபட்டுக் கிடந்தனர். அப்பொழுது, 1943 ஏப்ரலில், கேசவ் தால்பாடே என்ற காவற்கைதியின் வழக்கில், ஸர் மாரிஸ் க்வையர் தலைமையிலிருந்த பெடரல் கோர்ட்டு, இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 26-வது விதி சட்டப்படி செல்லாது என்று கூறிவிட்டது. சர்க்கார் அம்மாதம் முடிவதற்குள் ஒரு ஆர்டினன்ஸ் போட்டு ஓட்டையை அடைத்தார்கள்; கைதிகளுக்குப் பலன் கிட்டவில்லை. ஆயினும் கேள்வி கேட்க முடிந்தது. அந்நியன் நியமித்த நீதிபதி, அந்நியனுடைய யுத்தத்தின் நடுவே, அந்நிய சர்க்காரைப் பார்த்து உன் உத்தரவு செல்லாது என்றார்.

சுதந்திரம் வந்தது. கராச்சிக் காங்கிரஸில் 1931-ல் அடிப்படை உரிமைகளைத் தீர்மானமாக நிறைவேற்றிய தலைவர்களே அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தார்கள். இவர்கள் எழுதும் சட்டத்தில் ரௌலட்டின் நிழல்கூட விழாது என்று ஜனங்கள் நம்பினதில் வியப்பில்லை. நடந்தது வேறு. அமெரிக்க அரசியல் சட்டத்தில் உள்ளதுபோல், ‘உரிய நியாய முறைப்படியன்றி’ ஒருவன் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கலாகாது என்று முதலில் எழுதியிருந்தார்கள். பின்னர் அதை அடித்துவிட்டு, ‘சட்டம் வகுத்த முறைப்படியன்றி’ என்று போட்டார்கள். வார்த்தை வித்தியாசம் சிறிது. பொருள் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. முறை நியாயமாய் இருக்க வேண்டும் என்பது போய், முறை என்று ஏதாவது ஒன்று சட்டத்தில் இருந்தால் போதும் என்றாயிற்று. சபையில் பலர் இதைக் கண்டித்தனர். மக்கள் மனம் புண்பட்டிருப்பதை டாக்டர் அம்பேத்காரும் உணர்ந்து, ஈடாக 1949 செப்டம்பரில் புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தார். கைதானவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலை அமர்த்திக்கொள்ள விட வேண்டும், 24 மணி நேரத்தில் மாஜிஸ்டிரேட்டிடம் கொண்டுபோக வேண்டும் என்பது அதன் முற்பகுதி. அதுவே 22-வது ஷரத்து. பிற்பகுதிக்கு வந்தால், தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவனுக்கு இவை இல்லை! அடிப்படை உரிமைகள் என்று தலைப்பிட்ட அத்தியாயத்துக்குள்ளேயே, விசாரணையின்றி மனிதனை அடைத்துவைக்க அதிகாரமும் வந்து உட்கார்ந்துகொண்டது. யுத்தகாலத்துக்கென்று அல்ல, சமாதான காலத்துக்கும் சேர்த்து.

அதிகாரத்தை உபயோகிக்கச் சர்க்கார் ஒரு மாதம்கூடக் காத்திருக்கவில்லை. குடியரசு 1950 ஜனவரி 26-ல் பிறந்தது. பிப்ரவரி 25-ந் தேதி ஒரே நாளில் தடுப்புக் காவல் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறிற்று. இரண்டு இரவுகள் உறக்கமில்லாமல் யோசித்த பின்பே இதைக் கொண்டுவருவதாக ஸர்தார் பட்டேல் கூறினார். அவர் கூற்றை நாம் நம்புகிறோம். வருத்தத்துடன் செய்தார் என்பதும் உண்மை, செய்தார் என்பதும் உண்மை. ஒரு வருஷத்துக்கென்று வந்த சட்டம் 1969 முடியுமட்டும் நீட்டப்பட்டது. அது ஒழிந்த இரண்டாவது வருஷம் ‘மிஸா’ என்ற பெயரில் திரும்பி வந்தது.

1947 டிசம்பர் முதல் சென்னை ராஜதானிச் சிறைகளில் இருந்துவந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன்மீது அச்சட்டம் முதன்முதலாய்ப் பாய்ந்த சமயம், அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அவருடைய கொள்கை நமக்கு உவப்பானதா என்பது இங்கே கேள்வியன்று. சட்டம் என்றால் சட்டசபை இயற்றியது எதுவோ அது. நியாயமா என்று பார்ப்பது எங்கள் வேலையன்று என்று 1950 மே 19-ந் தேதி பெரும்பான்மை நீதிபதிகள் கூறிவிட்டனர். நீதிபதி பஸல் அலி மாத்திரம் மாறுபட்டார். காவலுக்குக் கூறப்பட்ட காரணத்தைக் கோர்ட்டில்கூட வெளியிடலாகாது என்ற ஒரு பிரிவை மட்டும் கோர்ட்டு ரத்துச் செய்தது. கதவு முழுவதும் அடைபடாமல் ஒரு விரற்கடை திறந்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த விரற்கடையையும் அடைத்தது 1976. 1975 ஜூன் 25-ந் தேதி இரவு நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. இரண்டு நாட்களில், 14, 21, 22-வது ஷரத்துக்களின் உரிமைகளைக் கோரி எவரும் எந்தக் கோர்ட்டுக்கும் போகலாகாது என்று ஜனாதிபதியின் உத்தரவு வெளிவந்தது. உரிமை இருக்கிறது, கேட்கத்தான் கூடாது! உன் பணம் பெட்டியில் பத்திரமாயிருக்கிறது, சாவியை மட்டும் கொடுக்கமாட்டோம் என்பது போன்ற ஏற்பாடு. ‘மிஸா’வின் கீழ் ஏறக்குறைய 35,000 பேர் அடைக்கப்பட்டனர். ஆளைக் கோர்ட்டின்முன் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஹேபியஸ் கார்ப்பஸ் மனுக்களை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டென்று ஒன்பது ஹைகோர்ட்டுகள் கூறின. சர்க்கார் அப்பீலுக்கு வந்தார்கள். ஜபல்பூர் வழக்கு என்று பெயர்பெற்றது அதுதான்.

விசாரணையின்போது நீதிபதி ஹன்ஸ்ராஜ் கன்னா, அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். போலீஸ் அதிகாரி ஒருவன் சொந்த விரோதத்தினால் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டால் அதற்காவது பரிகாரம் உண்டா? நெருக்கடி நிலை நீடிக்கும்வரையில் கிடையாது என்பது அட்டர்னி ஜெனரலின் பதில். அந்தப் பதிலைக் கேட்ட பிறகும், 1976 ஏப்ரல் 28-ந் தேதி, ஐவரில் நால்வர் சர்க்காரின் பக்கம் தீர்ப்பெழுதினர். பிரதம நீதிபதி ஏ. என். ரே, நீதிபதிகள் பேக், சந்திரசூட், பகவதி ஆகியோர் அந்நால்வர். காவலில் உள்ளவர்களைச் சர்க்கார் பேணும் பரிவு ஏறக்குறையத் தாயின் பரிவை ஒத்தது என்றுகூட நீதிபதி பேக் எழுதினார்.

அந்தத் ‘தாயின் பரிவு’ சென்னையில் எப்படியிருந்தது என்பது தமிழ்நாட்டாருக்குத் தெரியும். ஜனவரி 31-ந் தேதி திராவிட முன்னேற்றக் கழக மந்திரிசபை நீக்கப்பட்டு, அக்கட்சியினர் ‘மிஸா’வில் சென்னை மத்திய சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிப்ரவரியில் அங்கே அவர்களை அடித்தார்கள். தீர்ப்பு வருவதற்கு மூன்று மாதம்கூட இல்லை. அடிபட்டவர்களில் ஒருவர், சென்னை மேயராயிருந்தவரும் பார்லிமெண்டு அங்கத்தினருமான சிட்டிபாபு. 1977 ஜனவரியில் காலமானார். நெருக்கடி நிலை நீங்கிய பின்னரே நீதிபதி இஸ்மாயில் கமிஷன் இதை விசாரித்து, அடி நடந்தது உண்மை என்று கூற முடிந்தது. 1943-ல் தால்பாடேயால் கேட்க முடிந்த கேள்வியை 1976-ல் சிட்டிபாபுவால் கேட்க முடியவில்லை. அந்நிய ஆட்சியில் திறந்திருந்த கதவு சுயராஜ்யத்தில் அடைபட்டது. இதைவிட வெட்கக்கேடான ஒப்புமை நம் சரித்திரத்தில் உண்டோ என்று ஐயுறுகிறோம்.

ஐந்தாமவரான கன்னா எழுதிய மாறுபட்ட தீர்ப்புத்தான் ‘பறிக்க முடியாதது’ என்ற சொல்லுக்கு நம் நாட்டில் எழுதப்பட்ட சிறந்த உரை. அவருடைய வாதம் எளிது. உயிரும் சுதந்திரமும் 21-வது ஷரத்தினால் நமக்கு வந்தவையல்ல. அந்த ஷரத்து எழுதப்படுவதற்கு முன்பும், சட்டத்தின் அதிகாரமின்றி எவனையும் கொல்லவோ அடைக்கவோ சர்க்காருக்கு உரிமை இருந்ததில்லை. ஆகவே ஷரத்தை நிறுத்திவைத்தாலும் அந்த அதிகாரம் சர்க்காருக்குப் புதிதாய் வந்துவிடாது. வீட்டுக்காரன் வாசலில் பெயர்ப்பலகை மாட்டியிருந்தான். பலகையைக் கழற்றி வைத்துவிட்டதால் வீடு திருடனுடையதாகிவிடுமா? 1930-ம் வருஷத்துப் பிரதிக்ஞையின் பொருளும் இதுவே. அன்று பலகையே இல்லை. வீடு நம்முடையது என்று நம்மவர் சொன்னார்கள். கன்னாவுக்குக் கிடைத்த வெகுமதி, 1977 ஜனவரியில் பேக் அவரைத் தாண்டிப் பிரதம நீதிபதியானது. கன்னா ராஜீநாமாச் செய்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

பிறகு நடந்தவை ஓரளவு ஆறுதலளிக்கின்றன. மேனகா காந்தி வழக்கில் 1978-ல், ‘சட்டம் வகுத்த முறை’ என்றால் நியாயமான முறையாய் இருந்தாக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. அரசியல் நிர்ணய சபை அடித்துவிட்ட பொருள் இருபத்தெட்டு வருஷங்களுக்குப் பின் புறவழியாய் உள்ளே வந்தது. அதே வருஷம், சிறையிலிருந்து மந்திரிப் பதவிக்கு வந்த ஜனதாக் கட்சியார், எத்தகைய நெருக்கடியிலும் 20, 21-வது ஷரத்துக்களை நிறுத்திவைக்க முடியாதென்று 44-வது திருத்தத்தில் எழுதினார்கள். 2017 ஆகஸ்டு 24-ந் தேதி ஒன்பது நீதிபதிகள் கூடிய பெஞ்சு ஜபல்பூர்த் தீர்ப்பை அடியோடு ரத்துச் செய்தது. அதை எழுதியவர் 1976-ல் பெரும்பான்மையோடு நின்ற சந்திரசூட்டின் குமாரர். தகப்பனார் கட்டிய கடனைப் பிள்ளை அடைத்தார் என்று ஜனங்கள் பேசிக்கொண்டதில் பிழையில்லை.

காரியம் முடிந்துவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். முடியவில்லை. 44-வது திருத்தத்தில் மூன்றாவது பிரிவு என்று ஒன்று உண்டு. விசாரணையின்றி முதலில் அடைத்துவைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைப்பது. ஆலோசனைக் குழுவை ஹைகோர்ட்டுப் பிரதம நீதிபதியின் சிபார்சின்படி, பதவியிலுள்ள நீதிபதி ஒருவரைத் தலைவராகக் கொண்டு அமைப்பது. குழுவின் யோசனையே இல்லாமல் நீண்டகாலம் அடைத்துவைக்கச் சட்டமியற்றும் அதிகாரத்தைப் பார்லிமெண்டிடமிருந்து எடுத்துவிடுவது, இவை அப்பிரிவின் சாரம். தடுப்புக் காவலை அது ஒழிக்கவில்லை; கடிவாளம் மட்டும் போடுகிறது. பார்லிமெண்டு 1978-ல் இதை நிறைவேற்றியது. ஜனாதிபதியின் சம்மதமும் கிடைத்தது. எந்தத் தேதியிலிருந்து அமுலுக்கு வரும் என்று மத்திய சர்க்கார் கெஜட்டில் அறிவிக்க வேண்டும். திருத்தத்தின் மற்றப் பெரும்பாலான பிரிவுகளுக்கு 1979 ஜூனில் தேதி குறித்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு இன்றுவரையில் குறிக்கவில்லை. ஜனதா போயிற்று, காங்கிரஸ் வந்தது, கூட்டணிகள் வந்தன, பாரதீய ஜனதா வந்தது, தேதி வரவில்லை. தேசீயப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காவலில் வைக்கப்பட்ட பார்லிமெண்டு அங்கத்தினர் ஏ. கே. ராய் இதைச் சுப்ரீம் கோர்ட்டில் எழுப்பியபோது, தேதி குறிக்கும்படி சர்க்காரை வற்புறுத்த எங்களுக்கு அதிகாரமில்லை என்று 1981 டிசம்பரில் கோர்ட்டு கூறியது. ஜனப் பிரதிநிதிகள் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையால் திருத்திய அரசியல் சட்டத்தை ஒரு இலாகாவின் மேஜை அறை நாற்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் விழுங்கிவைத்திருக்கிறது. சகல கட்சியாரும் சிறையிலிருக்கும்போது கடிவாளம் கேட்கிறார்கள். குதிரைமேல் ஏறியபின் அது ஞாபகத்துக்கு வருவதில்லை.

வடக்கே பார்த்துப் பழி சொல்லிவிட்டு நம் வீட்டைப் பாராதிருத்தல் நேர்மையாகாது. தமிழ்நாட்டுச் சட்டசபை 1982-ல் இயற்றிய 14-வது சட்டத்தைக் குண்டர் சட்டம் என்று குழந்தைகளும் அறியும். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்திட்டால் ஒருவனை ஒரு வருஷம்வரையில் விசாரணையின்றி வைத்திருக்கலாம். சாராயங் காய்ச்சுவோர், ரவுடிகள் முதலியோருக்கென்று வந்தது, 2004-ல் திருட்டு வீடியோக்காரர்களுக்கும், 2006-ல் மணல் திருடர்களுக்கும், 2014-ல் ஸைபர் குற்றம், பாலியல் குற்றம் செய்வோருக்கும் நீண்டது. ஆலோசனைக் குழுவின்முன் கைதிக்காக வக்கீல் தோன்ற உரிமையில்லை என்று அச்சட்டமே சொல்கிறது. ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன மூன்று ‘இல்லை’களில் முதலாவது இதுதான்! 1919-ல் ஹர்த்தால் நடத்திய மண்ணில், ‘மிஸா’வில் அடிபட்டவர்களின் கட்சி ஆண்டபோதும், அதை எதிர்த்தவர்களின் கட்சி ஆண்டபோதும் இச்சட்டம் ஓய்வின்றி உழைத்து வந்திருக்கிறது.

2017 மே மாதத்தில், ஈழத்தில் மடிந்த தமிழருக்கு மெரினாக் கடற்கரையில் நினைவஞ்சலி செலுத்த முயன்றதன் தொடர்பாகக் கைதான திருமுருகன் காந்தியையும் குண்டர் என்று இதே சட்டத்தில் அடைத்தார்கள். செப்டம்பரில் ஹைகோர்ட்டு அவ்வுத்தரவை ரத்துச் செய்தது. அகாரணமாய்க் கழிந்த நான்கு மாதங்களை எந்தக் கோர்ட்டு திருப்பிக் கொடுக்கும்? பெயர் தெரிந்தவர் ஆதலால் இவருடைய வழக்கு பத்திரிகைகளில் வந்தது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத கூலிக்காரன் மகன் அடைபட்டால், மனு எழுதவே மாதங்களாகின்றன. மனு விசாரணைக்கு வரும்போது வருஷத்தில் பாதி போய்விடுகிறது. உத்தரவு ரத்தாகிறது, அதற்குள் தண்டனை முடிந்துவிடுகிறது. குற்றம் ருசுவாகாத தண்டனை!

இச்சட்டத்துக்கு ஜனங்களிடையே ஆதரவு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. பேட்டையை நடுங்கவைக்கும் ரவுடி குண்டர் சட்டத்தில் உள்ளே போனான் என்று கேட்டால் கடைக்காரன் நிம்மதியாய்ப் பெருமூச்சு விடுகிறான். அந்தப் பெருமூச்சை நாம் இகழவில்லை. வழக்குப் போட்டால் சாட்சி வரமாட்டான், வந்தாலும் மிரட்டப்படுவான், ஜாமீனில் வந்து மறுபடியும் கத்தியை எடுப்பான் என்பது போலீஸ் தரப்பு வாதம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் சாட்சிக்குப் பாதுகாப்பளிக்கவும், வழக்கை ஆறு மாதத்தில் முடிக்கவும், ஜாமீனை எதிர்த்து வாதாடவும் சாதாரணச் சட்டத்திலேயே வழியுண்டு. அந்த வழியில் நடக்கச் சிரமமாயிருக்கிறது என்பதே உண்மையான காரணம். கலெக்டரின் கையெழுத்து சுலபம். சாட்சியத்தைத் திரட்டுவது கடினம். சுலபமான வழி திறந்திருக்கும்வரையில் எந்தப் போலீஸ் இலாகாவும் கடினமான வழியைக் கற்றுக்கொள்ளாது. ரவுடிக்காக வெட்டிய குழியில் துண்டுப் பிரசுரம் கொடுத்தவனும், கூட்டம் கூட்டியவனும் விழுவதை நாம் கண்டாகிவிட்டது. நமக்குப் பிடித்தவனுக்கு மட்டும் உள்ளதற்கு உரிமை என்று பெயரில்லை, சலுகை என்று பெயர்; அதை எந்தச் சர்க்காரும் எந்த நிமிஷமும் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

இன்றைக்குச் செய்யவேண்டியவை பெரிய காரியங்களல்ல. மாநிலச் சட்டசபை, ஆலோசனைக் குழுவின்முன் வக்கீல் தோன்றுவதைத் தடுக்கும் உட்பிரிவை ஒரே நாளில் நீக்கிவிடலாம். 1950-ல் ஒரே நாளில் சட்டம் செய்ய முடிந்ததென்றால் இதுவும் முடியும். குண்டர் சட்ட உத்தரவுகளில் எத்தனை வருஷந்தோறும் ஹைகோர்ட்டில் ரத்தாகின்றன என்ற கணக்கைச் சட்டசபையில் வைக்கும்படி அங்கத்தினர்கள் கேட்கலாம். டில்லியில், 44-வது திருத்தத்தின் மூன்றாவது பிரிவுக்குத் தேதி குறிப்பதற்குப் புதிய சட்டம் வேண்டாம், விவாதம் வேண்டாம், வோட்டெடுப்பு வேண்டாம். கெஜட்டில் நான்கு வரி அறிவிப்புப் போதும். தமிழ்நாட்டிலிருந்து சென்றிருக்கும் பார்லிமெண்டு அங்கத்தினர்கள், எந்தக் கட்சியினராயினும், அடுத்த கூட்டத்தில் உள்நாட்டு மந்திரியைப் பார்த்து ஒரே கேள்வி கேட்கட்டும்: எந்தத் தேதி? ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று அவர் சொன்னால், எந்த மாதத்தில் பரிசீலனை முடியும் என்று உபகேள்வியும் கேட்கட்டும்.